தழும்புள்ள சரஸ்வதி

சேசு மரி சூசை

வில்லியனூர்,
12 ஜூன் 1936

அன்புள்ள அல்போன்ஸ் அண்ணனுக்கு, தங்கை மதலேனாள் எழுதுவது.

நெல் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். சிம்னி விளக்கைச் சின்னதாக வைத்து, முன்னால் முறத்தைச் சாய்த்து மறைத்திருக்கிறேன். அத்தை இருமினால் ஊதி அணைத்துவிடுவேன். வரி கோணினால் அந்தத் தாளை நீ கையால்கூடத் தொடமாட்டாய் என்று தெரியும். முடிந்தவரை நேராக எழுதுகிறேன்.

தேர்த் திருவிழாவுக்கு நாடகக் கம்பெனி வந்து கொட்டகை போட்டிருக்கிறது. வேதக்காரர்கள் அந்தப் பக்கம் போகக்கூடாதென்று சாமியார் பிரசங்கத்தில் சொல்லிவிட்டதால் நம் வீட்டில் யாரும் போகவில்லை. ஆனால் பாகூரிலிருந்து அத்தையின் கொழுந்தனார் வந்திருந்தார். அவர் மகனுக்குத்தான் என்னைக் கொடுப்பதாகப் பேச்சு. அவர் மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நாடகம் பார்க்கப் போயிருக்கிறார். உள்ளே முன்படுதா தொங்கியதாம். அதில் வெள்ளைத் தாமரை மேல் சரஸ்வதி. முகம் என்னுடைய முகம்.

சாயல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, அண்ணா. கிணற்று உருளை தெறித்து என் புருவத்துக்கு மேலே விழுந்த தழும்புகூட அதில் இருக்கிறதாம். சரஸ்வதிக்கு ஏது தழும்பு?

மறுநாள் விடிந்ததும் அவர் வந்தார். அத்தை கொடுத்த காப்பியைத் தொடவில்லை. "இன்னா மச்சான், உம்ம பொண்ணு கொட்டாயில தொங்குது. ஊர்ல இருக்கற அத்தினி பேரும் பீடிய இழுத்துக்குனு அது மூஞ்சியப் பாத்துக்குனு குந்தியிருக்கான்" என்றார். அப்பா கம்பெனிக்காரரிடம் ஆள் அனுப்பி விசாரித்தார். முத்தியால்பேட்டையில் மணவாளன் என்பவருடைய பட்டறையில், யாரோடும் பேசாத ஒரு பையன் எழுதிய படம் என்று அந்தக் கம்பெனிக்காரர் சொல்லிவிட்டாராம்.

"வூட்ல வெச்சிக்க முடியலன்னு பட்டறையில வுட்டா, அங்க குந்திக்குனும் மானத்த வாங்குறான் பாரு" என்று அத்தை மாரில் அடித்துக்கொண்டாள். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. இந்த வருஷம் நான் செர்த்திபிக்கா பரீட்சை எழுத வேண்டியவள்.

யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காதவன் நீ. சாமியார் மோவாயைத் தூக்கினாலும் கண்ணை மூடிக்கொள்வாய். ஆனால் நான் சாயங்காலம் பாடம் படிக்கும்போது மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என்னையே பார்ப்பாய். எத்தனையோ தடவை எரிச்சலாக இருக்கும். இப்படி ஊருக்கெல்லாம் காட்டத்தானா பார்த்தாய்?

கெஞ்சிக் கேட்கிறேன். அந்த முகத்தின் மேல் கொஞ்சம் காவியைப் பூசிவிட்டு வேறு முகம் போட்டுவிடு. கீரை விற்க வரும் சின்னபொண்ணு இதைக் கூடையில் கொண்டுவருவாள். பதிலையும் அவளிடமே கொடு. தபாலில் போட்டால் அப்பா கையில்தான் விழும்.

மதலேனாள்

*

முத்தியால்பேட்டை,
15 ஜூன் 1936

மதலேனாளுக்கு,

உன் கடிதத்தில் நடுவில் ஒரு வரி மேலே ஏறுகிறது. அங்கே அத்தை இருமியிருக்க வேண்டும். மற்ற வரிகள் நேராக உள்ளன.

அவர் சொன்னது சரி. அது நீ.

மணவாளன் என்னிடம், "சரஸ்வதி மூஞ்சி அமைதியா இருக்கணும்டா. காலண்டர் பொம்ம மாரி போட்டுடாத" என்றார். எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான். மற்றவர்களின் முகம் அசைந்துகொண்டே இருக்கிறது. பேசும்போது ஒன்று, சிரிக்கும்போது இன்னொன்று. அதில் எது அவர்களுடையது என்று எனக்குத் தெரிவதில்லை. நீ படிக்கும்போது அசையமாட்டாய்.

முதலில் கரியால் கோடு போட்டுக்கொள்ளச் சொன்னார். அது எனக்கு வராது. கித்தானின் மேல் மூலையில் தொடங்கி, ஆகாயம் முடிந்த பிறகு மரம், மரம் முடிந்த பிறகு முகம், கடைசியில் குளம் என்று எழுதிக்கொண்டே கீழே வந்தேன். முகம் முடிந்தபோது மணவாளன் ஏணியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். வச்சிரப் பசை அடுப்பில் கருகிவிட்டது. அவர் கவனிக்கவில்லை.

கம்பெனிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "சாமி ஜனங்களப் பாக்கணும்பா, கீழ பாக்குதே" என்றார். நீ புத்தகத்தைத்தான் பார்த்தாய். நிமிர்ந்து பார்க்கிற கண் எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதினால் பொய்யாகிவிடும்.

காவி பூசினால் உள்ளே இருப்பது போகாது, மறையும். தழும்பை எடுத்தால் அது வேறு ஒருத்தி.

இங்கே ஆதிலட்சுமி அக்கா சோறு தனியாகவும் குழம்பு தனியாகவும் வைக்கிறார். ஏன் கலந்து சாப்பிடுவதில்லை என்று கேட்பதில்லை. அவர் மணவாளனின் மனைவி. இந்தத் தெருவில் கோயில் மணி இல்லை. காதில் பஞ்சு வைக்காமல் வேலை செய்ய முடிகிறது. நல்ல இடம்.

அல்போன்ஸ்

*

சேசு மரி சூசை

வில்லியனூர்,
20 ஜூன் 1936

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டேன். அவசரமாக எழுதுவதால் இன்றைக்கு வரி கோணும். பொறுத்துக்கொள்.

பாகூர்க்காரர் நேற்று மறுபடியும் வந்தார். அந்த மூஞ்சியை அழிக்க வேண்டும், பையனையும் கோயிலில் கொண்டுபோய்க் கட்ட வேண்டும், பேய் இறங்கின பிறகுதான் சம்பந்தம் பேசுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். "பேய் புடிச்சவன் இருக்கற வூட்ல எவன் பொண்ணு எடுப்பான்?" என்று அத்தை அப்பாவைக் காலையிலிருந்து அரித்துக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு அப்பா திருக்கனூர்ச் சந்தைக்குப் போனார். மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கிவருவார் என்று நினைத்தேன். ஒரு புதுக் கயிறு மட்டும் வாங்கி வந்து வாசல் ஆணியில் மாட்டியிருக்கிறார். இருக்கிற மாட்டுக்கெல்லாம் கயிறு இருக்கிறது, அண்ணா.

எந்தக் கோயில் என்று உனக்குத் தெரியாது. நீ வந்ததில்லை. அத்தை நேர்த்திக்கடன் செலுத்த என்னைக் கூட்டிப்போனாளே, தெற்கே இருக்கிறதே, அதுதான். அங்கே வேப்பமரத்தடியில் ஒரு அக்காவைக் காலில் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். பார்க்க நல்லவளாகத்தான் இருந்தாள். என்னைக் கூப்பிட்டு, "வெளிய பெரிய மழையா பாப்பா?" என்று கேட்டாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவளுக்குப் பக்கத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு மணிக்கும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது. உன்னை அங்கே நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. சங்கிலியைவிட மணி உன்னைக் கொன்றுவிடும்.

அதனால் நான் சொல்வதை மட்டும் செய். அப்பா வந்து அது யார் என்று கேட்டால், "அது யாருமில்லை" என்று சொல். அவ்வளவுதான். சும்மா மனசில் தோன்றிய முகம் என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள். நான் எழுதுவதாக மட்டும் யாரிடமும் சொல்லாதே. தெரிந்தால் அத்தை என் கையை முறித்துவிடுவாள்.

அம்மா சாகிற அன்றைக்கு உன்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "தங்கச்சியப் பாத்துக்கடா" என்று சொன்னாள். அத்தை அந்த நேரத்திலும், "இவனையே யாரு பாத்துக்கறதாம்" என்று முணுமுணுத்தாள். எனக்கு அப்போது அத்தை மேல் அவ்வளவு கோபம் வந்தது. இப்போது நானே கேட்கிறேன். அம்மா சொல்லிவிட்டுப் போனாளே, நீ என்னைப் பார்த்துக்கொண்டது இதுதானா?

மதலேனாள்

*

முத்தியால்பேட்டை,
23 ஜூன் 1936

மதலேனாளுக்கு,

ஆம். இதுதான்.

நீ சொன்ன வாக்கியத்தைப் பழகிப் பார்த்தேன். முதலில் சுவரைப் பார்த்துச் சொன்னேன். பிறகு ஆதிலட்சுமி அக்காவிடம் சொன்னேன். வாயில் வருகிறது. ஆனால் சொன்னதும் படுதாவைப் பார்த்தால் அங்கே நீ இருக்கிறாய். யாருமில்லை என்றால் நீ இல்லை என்று ஆகிறது. நீ இருக்கிறாய். இதற்கு என்ன செய்வது என்று எழுதவும்.

படுதா பட்டறைக்குத் திரும்பி வந்துவிட்டது. கொட்டகையில் மழை ஒழுகித் தாமரைக் குளம் கரைந்துவிட்டது. முகத்தில் தண்ணீர் படவில்லை. குளத்தை மறுபடி எழுதுகிறேன். முதல் தடவை போட்ட நீலம் சரியில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். மழை பெய்தது நல்லது.

மணவாளனிடம் கோயிலைப் பற்றிக் கேட்டேன். "உன்ன யாருடா கட்டப் போறாங்க, நான் ஒருத்தன் இருக்கறப்ப" என்றார். பிறகு வெளியே போய் வெற்றிலையை நிறைய நேரம் மென்றார். அவருக்குப் பயம் வந்தால் அப்படித்தான்.

கம்பெனிக்காரர் அடுத்த படுதாவுக்கும் நான்தான் வேண்டும் என்கிறார். அசோகவனம். அதில் சீதை உட்கார்ந்திருப்பாள். அவளும் கீழேதான் பார்ப்பாள்.

அல்போன்ஸ்

*

வில்லியனூர்,
28 ஜூன் 1936

அண்ணா, நாளைக் காலை ரயிலில் அப்பா வருகிறார். ஆணியில் கயிறு இல்லை. அத்தை கட்டுச்சோறு கட்டி வைத்திருக்கிறாள், இரண்டு பேருக்கு. உங்கள் இரண்டு பேருக்கும். உனக்கும் புளிச்சோறே கட்டியிருக்கிறாள். நீ கலந்த சோறு சாப்பிடமாட்டாய் என்பதுகூட இந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

சின்னபொண்ணு விடியுமுன் கிளம்புகிறாள். அப்பாவுக்கு முன்னால் அவள் வந்துவிட்டால் நீ எங்காவது ஒளிந்துகொள். படுதாவுக்குப் பின்னால், ஆதிலட்சுமி அக்கா அடுப்படியில், எங்காவது. கத்தாதே. கத்தினால் பேய் என்றுதான் சொல்வார்கள். பிடித்துவிட்டால் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல். நான் இல்லாமல் போனாலும் பரவாயில்லை. சொல்.

என் கடிதங்களையெல்லாம் எரித்துவிடு. மாதாவை வேண்டிக்கொண்டே இருக்கிறேன். அத்தை எழுந்துவிட்டாள்

*

முத்தியால்பேட்டை,
30 ஜூன் 1936

மதலேனாளுக்கு,

உன் கடைசிக் கடிதத்தில் முற்றுப்புள்ளி இல்லை.

அப்பா வந்தார். நான் ஒளியவில்லை. குளத்துக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்தால் ஓரம் காய்ந்து கோடு விழும்.

மணவாளன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அப்பா அவரை விலக்கிவிட்டு நேராக வந்து, "எழுந்திருடா" என்றார். கக்கத்தில் கயிறு இருந்தது. "இந்த ஓரம் முடியணும்" என்றேன். மணவாளன், "கொஞ்சம் பொறுத்துக்குங்க. நடுவுல எழுப்பினா அவனுக்குத் தாங்காது" என்றார். அப்பா நின்றார். குளம் முடியும்வரை நின்றார். வேறு ஒன்றும் இல்லாததால் படுதாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முடித்துத் தூரிகையைக் கழுவினேன். அப்பா, "யார்றா இது?" என்றார். நான் பழகியபடி பதில் சொன்னேன். "அது யாருமில்லன்னு சொல்லச் சொல்லி மதலே எழுதியிருக்குது" என்றேன். நீ சொன்ன வாக்கியம் அதற்குள் முழுதாக இருக்கிறது.

"எப்ப எழுதுனா?"

"ராத்திரியில. குதுருக்குப் பின்னால."

கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே என்று நீ எழுதியது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அது தப்பு.

அப்பா கேட்டார், "அது மூஞ்சிய இன்னாத்துக்குடா போட்ட?"

"அம்மா பாத்துக்கச் சொன்னாங்க."

"எந்த அம்மா?"

"நம்ம அம்மா. தங்கச்சியப் பாத்துக்கடான்னு சொன்னாங்க. அப்பத்துலேருந்து பாத்துக்குறேன். இங்க வந்தப்புறம் கண்ணுக்குத் தெரியல. அதனால எழுதிவெச்சிக்குனு பாக்குறேன்."

அப்பா படுதாவுக்குப் பக்கத்தில் போனார். "தழும்பு சோத்தாங்கைப் பக்கந்தானடா?" என்று கேட்டார்.

"பீச்சாங்கைப் பக்கம்" என்றேன்.

அப்பா கீழே உட்கார்ந்துவிட்டார். தரையில் சுண்ணாம்புப் பொடி சிந்தியிருந்தது. வேட்டியில் ஒட்டும் என்று சொன்னேன். எழுந்திருக்கவில்லை. அவர் முகம் ரொம்ப அசைந்தது. அதனால் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. ஆதிலட்சுமி அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அதைக் குடிக்காமல் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

கயிறு தரையில் கிடந்தது. எதற்கு என்று கேட்டேன். அப்பா அதைக் காலால் ஓரமாகத் தள்ளினார். படுதாவின் மேல்கயிறு மழையில் இற்றுப்போய்விட்டது, இது புதுசாக இருக்கிறது, கொடுப்பீர்களா என்று கேட்டேன். அப்பா, "எடுத்துக்கோ" என்றார். பிறகு அவரே எழுந்து மணவாளனோடு சேர்ந்து மூங்கிலில் கட்டினார். மாட்டுக்குப் போடுகிற முடிச்சு. அவிழாது.

கட்டுச்சோற்றைப் பிரித்தார். நான் புளிச்சோறு சாப்பிடமாட்டேன் என்றேன். ஆதிலட்சுமி அக்கா எனக்கு வெள்ளைச் சோறு வைத்தார். அப்பா இரண்டு பொட்டலத்தையும் திரும்பக் கட்டி எடுத்துக்கொண்டு மத்தியான ரயிலுக்குப் போனார். போகும்போது என் தலையைத் தொட வந்தார். நான் நகர்ந்துகொண்டேன். கையை மடக்கிக்கொண்டார்.

கடிதங்களை எரிக்கவில்லை. எரிந்தால் திரும்பக் கிடைக்காது.

அல்போன்ஸ்

*

சேசு மரி சூசை

வில்லியனூர்,
6 ஜூலை 1936

அன்புள்ள அண்ணனுக்கு,

அன்றைக்கு அப்பா திரும்பி வரும்வரை நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடியிலேயே நின்றிருந்தேன். அப்பா தனியாக வருவதைப் பார்த்ததும் குடத்தைப் போட்டுவிட்டேன். அத்தை ஓடிவந்து, "எங்க அவன்? எங்க கயிறு?" என்றாள். அப்பா, "அத வேற எடத்துல கட்டிட்டேன்" என்றார். சோற்றுப் பொட்டலம் இரண்டையும் மாட்டுக்கு வைத்தார். பிறகு முற்றத்தில் என்னை நிற்கச் சொன்னார். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கட்டைவிரலால் என் புருவத்துக்கு மேலே ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் சின்னபொண்ணு உன் கடிதத்தைக் கொடுத்தபிறகுதான் தெரிந்தது.

பாகூர்ச் சம்பந்தம் போய்விட்டது. முகத்தை அழித்தாயிற்றா என்று ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அப்பா இல்லை என்று சொல்லி அனுப்பினார். அத்தை என்னோடு பேசுவதில்லை. கிணற்றடியில் பொம்பளைகள், "சரஸ்வதி வருது, வழி வுடுங்கடி" என்று சிரிக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போ என்று அப்பா இன்னும் சொல்லவில்லை. மாதா திருநாளுக்கு உன்னை அழைத்துவரலாமா என்று கேட்டேன். "ஊரு வாய் அடங்கட்டும்" என்றார். அது எப்போது அடங்கும் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

பாத்துக்கோ என்று அம்மா சொன்னதற்கு வேறு அர்த்தம் என்று உனக்கு விளக்கி எழுத உட்கார்ந்தேன். சோறு போடுவது, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைப்பது, யாராவது அடித்தால் குறுக்கே வந்து நிற்பது, இதையெல்லாம்தான் அப்படிச் சொல்வார்கள் என்று. எழுதும்போதே தோன்றியது: எனக்குச் சோறு போட்ட யாருக்கும் என் தழும்பு எந்தப் பக்கம் என்று தெரியவில்லையே. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

இன்றைக்கு விளக்கைக் குதிருக்குப் பின்னால் கொண்டுபோனேன். இருட்டில் அப்பாவின் குரல் கேட்டது. விளக்கை ஊதப் போனேன். "குதுருகிட்ட விளக்க வெக்காத. நெல்லு புடிச்சிக்கும். இப்டி கூடத்துல குந்தி எழுது" என்றார். பெரிய லாந்தரை ஏற்றி வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்கவில்லை என்று தெரிகிறது. இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வரி நேராக வருகிறது, பார்.

மதலேனாள்

*

முத்தியால்பேட்டை,
9 அக்டோபர் 1938

மதலேனாளுக்கு,

சென்னையிலிருந்து திரும்பிவிட்டேன். சினிமா எடுக்கிற கொட்டகையில் அரண்மனைத் தூண்களும் நந்தவனமும் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். படத்தில் பார்த்தால் எல்லாம் சாம்பல் நிறமாக இருந்தது. என் பச்சையும் நீலமும் எங்கே என்று கேட்டேன். சிரித்தார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை என்று தெரிந்துகொண்டு வந்துவிட்டேன்.

இப்போது வெள்ளைக்காரர் தெருவில் ஒரு பிரெஞ்சுக்கார மதாம் பலகையில் படம் எழுதச் சொல்லி வாங்குகிறார். படுதாவைப் போல் சுருட்ட வேண்டியதில்லை. கீழே பெயர் போடச் சொன்னார். அல்போன்ஸ் என்று போட்டேன். அந்தப் படத்தில் இருப்பது யார் என்று கேட்டார். தங்கை என்றேன். எல்லாப் படத்திலும் ஏன் அவளே என்று கேட்டார். அம்மா சொன்னதைச் சொன்னேன். மணவாளன் அதைப் பிரெஞ்சில் மாற்றிச் சொல்ல முயன்று, பாதியில் நிறுத்திக்கொண்டு வெற்றிலை போடப் போய்விட்டார்.

நீ பரீட்சையில் தேறிவிட்டதாகவும், கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதாகவும் சின்னபொண்ணு சொன்னாள். நீ உயரமாகிவிட்டாய் என்றும், கன்னம் ஒட்டிப்போய் ஆளே மாறிவிட்டாய் என்றும் சொன்னாள். அன்றிலிருந்து வேலை நடக்கவில்லை. நேற்று ஒரு முகத்தை எழுதி முடித்துவிட்டு, நானே காவி பூசி மறைத்தேன். நான் வைத்திருப்பது பழைய முகம். பழையதை வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்ள முடியாது.

அதனால் நீ இங்கே வர வேண்டும். அப்பாவும் வரட்டும். அவர் படுதாக் கயிற்றைப் பார்த்துக்கொள்ளலாம். முடிச்சு இன்னும் அவிழவில்லை. என்னோடு நீ பேச வேண்டியதில்லை. நிமிர்ந்து என்னைப் பார்க்கவும் வேண்டாம்.

வரும்போது ஒரு புத்தகம் எடுத்து வா.

அல்போன்ஸ்